மெனுவில் 0 அடித்தால் பட்டியல் மொத்தமும் அழிகிறது, நான் 6-ஐத் தொடவே இல்லை

இரவல்காரர் கேட்டது:

வணக்கம். வயது 49, கணக்கு எழுதுவது தொழில், பைதான் நிரல்மொழி படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன், நிரலை ஒட்ட வழியில்லை. வாயால் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் புத்தகம் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று குறித்து வைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓடவிட்டால் மெனு வரும்: 1 புத்தகம் சேர், 2 இரவல் கொடு, 3 திரும்பி வந்தது, 4 பட்டியல் காட்டு, 5 வெளியேறு. சோதித்துப் பார்க்கும்போது பட்டியலை அடிக்கடி காலி செய்ய வேண்டியிருந்ததால், 6 எல்லாவற்றையும் அழி என்று ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன்.

முதலில் இன்புட்டில் (அடிப்பதை வாங்கும் கட்டளை) வருவதை இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, மாற்றி, 'இது என்றால் இதைச் செய்' என்று இஃப், எலிஃப் வரிசையாக எழுதியிருந்தேன். நான் மட்டும் ஓட்டியவரை நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் என் மகள் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் அடிக்காமல் எண்டரைத் தட்டினாள். நாலைந்து வரிப் பிழைச் செய்தி வந்து நிரல் நின்றுவிட்டது, கடைசி வரியில் வேல்யூ எரர், அதாவது இதை எண்ணாக மாற்ற முடியாது என்ற பிழை. மறுபடி ஓட்டினேன். 3-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அடித்தாள், பழையபடி நின்றது. 'மூணு' என்று எழுத்தால் அடித்தாள், அதற்கும் நின்றது. "அப்பா, இது எதைச் சொன்னாலும் செத்துப்போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ரோஷம் வந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். இப்போது ஆறு வேலைக்கும் ஆறு ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு), அவை ஒரு லிஸ்ட்டில் வரிசையாக இருக்கின்றன. 'மெனு' என்ற ஃபங்ஷனுக்குள் ஒரு வைல் ட்ரூ லூப், நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் ட்ரை போட்டு, வந்ததை இன்ட்டாக மாற்றி, 5 என்றால் ரிட்டர்ன் (ஃபங்ஷனைவிட்டு வெளியேறு), மற்றபடி லிஸ்ட்டில் 'தேர்வு கழித்தல் 1' என்ற இடத்தில் (லிஸ்ட் 0-இலிருந்து எண்ணும்) இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். பிழை வந்தால் ஓடும் எக்செப்டில் 'தவறான எண்' என்று காட்டிவிட்டு, மறுபடி மெனு ஃபங்ஷனையே கூப்பிடுகிறேன்.

இப்போது சாகவில்லை. ஆனால் வேறு நான்கு வினோதங்கள்.

0 அடித்தால் 'தவறான எண்' வர வேண்டும் அல்லவா? 7 அடித்தால் ஒழுங்காக வருகிறது. 0 அடித்தால் பட்டியல் மொத்தமும் போய்விடுகிறது. 41 புத்தகங்களின் பதிவு போய்விட்டது. நான் 6-ஐத் தொடவே இல்லை.

தவறாக மூன்று முறை அடித்துவிட்டு 5 அடித்தால் வெளியே போகமாட்டேன் என்கிறது. எண்ணிப் பார்த்தேன், நான்காவது 5-க்குத்தான் போகிறது.

கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தலாம் என்றால், அதற்கும் 'தவறான எண்' என்கிறது.

நான்காவதுதான் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிறது. 3 அடித்தால், புத்தகத்தின் பெயரெல்லாம் கேட்டுவிட்டு, அதன் பிறகு 'தவறான எண்' என்கிறது. 3 எப்படித் தவறான எண் ஆகும்?


வேகமான விரல் எழுதியது:

எக்செப்ட் என்று மொட்டையாகப் போடாதீர்கள், எக்செப்ட் வேல்யூ எரர் என்று போடுங்கள். அதற்கு முன்னால் இஸ்டிஜிட் வைத்து எண்தானா என்று பார்த்துவிட்டு, 1-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒரு இஃப். முடிந்தது வேலை.


பழைய விசைப்பலகை எழுதியது:

வேகமான விரல் சொன்னது பாதிக்கு மேல் சரி. ஆனால் இரவல்காரர் கேட்டது 'ஏன்' என்று. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த நிரலிலும் 41 பதிவு போகும்.

நீங்கள் நிரலை ஒட்டாததும் ஒரு வகையில் நல்லதுதான். நானும் வாயாலேயே சொல்கிறேன். எழுதிக் கொடுத்தால் ஒட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், சொன்னால் நீங்களே அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 0. உங்கள் நிரல் 0-இலிருந்து 1-ஐக் கழித்து, லிஸ்ட்டில் கழித்தல் 1-ஆவது இடத்தைக் கேட்கிறது. வேறு சில மொழிகளில் இங்கே பிழை வரும். பைதானில் வராது. கழித்தல் 1 என்றால் பின்னாலிருந்து முதலாவது, அதாவது கடைசி உருப்படி, என்று அது வைத்திருக்கிறது. உங்கள் கடைசி உருப்படி என்ன? 'எல்லாவற்றையும் அழி'. நீங்கள் 6-ஐத் தொடவில்லை, 0 போய் அதைத் தொட்டுவிட்டது. கழித்தல் 5 வரை எதை அடித்தாலும் இப்படி ஏதாவது ஒரு ஃபங்ஷனில் போய் நிற்கும். கழித்தல் 6 அடித்தால்தான் இன்டெக்ஸ் எரர், அதாவது லிஸ்ட்டில் இல்லாத இடத்தைக் கேட்டால் வரும் பிழை. 7 அடித்தபோது வந்ததும் அதே இன்டெக்ஸ் எரர்தான், உங்கள் எக்செப்ட் அதைப் பிடித்து 'தவறான எண்' என்று மொழிபெயர்த்தது. ஆக, 7-ஐத் தடுத்தது நீங்கள் எழுதிய சரிபார்ப்பு அல்ல, லிஸ்ட் அதற்குமேல் இல்லை என்பது மட்டுமே. நிரலில் சரிபார்ப்பு என்று ஒன்று எங்குமே இல்லை.

5-ஐ நான்கு முறை அடிக்க வேண்டியிருப்பது மெனு தன்னையே கூப்பிடுவதால். தவறு நடந்ததும் எக்செப்டுக்குள்ளிருந்து இன்னொரு மெனு திறக்கிறது. பழைய மெனு முடியவில்லை, அது உள்ளே போனவர் வரட்டும் என்று வாசலில் நிற்கிறது. மூன்று தவறு என்றால் மூன்று பேர் வாசலில், ஒருவர் உள்ளே. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு 5-உம் ஒருவரை மட்டும்தான் வீட்டுக்கு அனுப்பும். ஏற்கெனவே வைல் ட்ரூ இருக்கும்போது மறுபடி கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் லூப் தானாக மேலே போய் மறுபடி கேட்கும். (இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே போனால் இயல்பாக 1000 ஆழத்தில் பைதானே போதும் என்று சொல்லி ரிகர்ஷன் எரர் தரும். உங்கள் மகள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அதையும் பார்த்திருப்பீர்கள்.)

கண்ட்ரோல்-சி, அப்புறம் அந்த 3. இரண்டும் ஒரே நோய். மொட்டை எக்செப்ட் எதைப் பிடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை, எது வந்தாலும் பிடிக்கும். கண்ட்ரோல்-சி அழுத்தும்போது கீபோர்டு இன்டரப்ட் என்று ஒன்று எழும்புகிறது, அதையும் பிடித்து 'தவறான எண்' என்கிறது. உங்கள் 3 தவறான எண்ணே அல்ல. அது ஒழுங்காக எண்ணாக மாறி, ஒழுங்காக ஃபங்ஷனுக்குள் போயிருக்கிறது. புத்தகத்தின் பெயரைக் கேட்டிருக்கிறதே! அதற்குப் பின்னால் அந்த ஃபங்ஷனுக்குள் ஏதோ ஒரு பிழை. எழுத்துப்பிழையாக இருக்கலாம், இல்லாத ஒன்றைத் தேடுவதாக இருக்கலாம். பைதான் எந்த வரி, என்ன குறை என்று அச்சடித்துக் கொடுக்கத் தயாராக இருந்தது. நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டு 'தவறான எண்' என்று ஒரு பொய்யைச் சொல்ல வைத்திருக்கிறீர்கள். ட்ரையையும் எக்செப்டையும் எடுத்துவிட்டு 3 அடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், எனக்கும் ஆவலாக இருக்கிறது.

சரி, இதை எப்படி எழுதுவது? இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மெனுவில் அடிப்பதை இன்ட்டாக மாற்றவே மாற்றாதீர்கள்.

அந்த 3-ஐ வைத்துக் கூட்டப்போகிறீர்களா, கழிக்கப்போகிறீர்களா? இல்லை. கழிக்கப் போய்த்தான் இந்த வினை. தொலைபேசி எண் எப்படி எண் இல்லையோ அப்படித்தான் இதுவும். அது ஒரு பெயர், எண் வேடம் போட்டிருக்கிறது. இன்புட் அதை ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்துகளாகத்தான், தருகிறது, ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்ட் இல்லையென்றால் வேல்யூ எரர் இல்லை, வேல்யூ எரர் இல்லையென்றால் மெனுவைச் சுற்றி ட்ரையும் இல்லை.

லிஸ்ட்டுக்குப் பதில் ஒரு டிக்ஷனரி, சாவியைச் சொன்னால் அதற்கு எதிரே இருப்பதை எடுத்துத் தரும். சாவியாக '1', '2' என்று மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங். எதிரே இரண்டு சரக்கு: மெனுவில் காட்ட வேண்டிய வாசகம், கூப்பிட வேண்டிய ஃபங்ஷன். ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுதுங்கள், பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் டிக்ஷனரி தயாராகும்போதே ஆறு வேலையும் வரிசையாக நடந்துவிடும், ஆறாவது என்ன என்று உங்களுக்குத் தெரியும். மெனுவைத் திரையில் காட்டுவதும் இதே டிக்ஷனரியைச் சுற்றி வந்து செய்யுங்கள். பைதான் 3.7-இலிருந்து டிக்ஷனரி நீங்கள் எழுதிய வரிசையை மாற்றாது என்பது உறுதி. நாளைக்கு ஒரு வேலையைச் சேர்த்தாலோ எடுத்தாலோ ஒரே இடத்தில் கை வைத்தால் போதும். இஃப்-எலிஃப் வரிசையில், மெனுவில் ஒன்று காட்டி உள்ளே வேறொன்று நடப்பது எப்போதும் நடக்கும் கூத்து.

கேட்பதற்குத் தனியாக ஒரு ஃபங்ஷன். 'தேர்வைக்கேள்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். அதற்குள் வைல் ட்ரூ. இன்புட் வாங்கி, ஸ்ட்ரிப் போட்டு முன்பின் இடைவெளிகளை வெட்டுங்கள். இதுவரை அந்த வேலையை இன்ட் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது, இனி நாம்தான் செய்ய வேண்டும். வெட்டிய பின் கிடைப்பது டிக்ஷனரியின் சாவிகளில் ஒன்றா? 'இன்' என்ற ஒரே சொல். ஆமாம் என்றால் ரிட்டர்ன். இல்லையென்றால் ஒரு வரிச் செய்தி, லூப் மேலே போகும். இந்த ஃபங்ஷனைவிட்டு வெளியே வருவது நிச்சயம் சரியான தேர்வாகத்தான் இருக்கும், ஆகவே கூப்பிட்டவர் மறுபடி சந்தேகப்பட வேண்டியதில்லை. 0, 7, கழித்தல் 3, வெறும் எண்டர், 'மூணு', ஆறு பக்கக் கட்டுரை, எதை அடித்தாலும் ஒரே பதில்தான்: பட்டியலில் இல்லை.

'03' என்று அடித்தால் இன்ட் ஏற்றுக்கொள்ளும், இது ஏற்காதே என்று யாராவது வருவார்கள். 03 என்று அடிப்பவர் இன்னொரு தடவை அடிக்கட்டும்.

செய்தியிலும் கொஞ்சம் கவனம். 'தவறான எண்' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் திட்டு வாங்கியதுபோல் உட்கார்ந்திருப்பார். அவர் அடித்ததையே மேற்கோள் குறிக்குள் திருப்பிக் காட்டி, 1 முதல் 6 வரை ஒன்றை அடிக்கவும் என்று சொல்லுங்கள். மேற்கோள் குறி முக்கியம். வெறும் எண்டர் என்றால் நடுவில் ஒன்றுமில்லாத இரண்டு குறி தெரியும், அவருக்கே விளங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை, இது என் சொந்தத் தழும்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாள் முடிவில் கோப்புகளை ஒழுங்கு செய்ய இதேபோல் ஒரு மெனு எழுதினேன். டிக்ஷனரி எல்லாம் தெரியாது. தேர்வு, '12345' என்ற ஸ்ட்ரிங்குக்குள் இருக்கிறதா என்று 'இன்' போட்டுப் பார்த்தேன். ஒரே வரி, ரொம்பப் பெருமை. கீழே நான்கு இஃப், ஐந்தாவதற்கு இஃப் போடாமல் எல்ஸ் மட்டும். முதல் நான்கும் இல்லையென்றால் ஐந்தாகத்தானே இருக்க வேண்டும்? ஐந்து என்பது பழைய கோப்புகளை நீக்குவது. ஒருநாள் யாரோ அவசரத்தில் வெறும் எண்டரைத் தட்டினார்கள். ஸ்ட்ரிங்குக்குள் ஸ்ட்ரிங்கைத் தேடும்போது, ஒன்றுமில்லாத ஸ்ட்ரிங் எல்லா ஸ்ட்ரிங்குக்குள்ளும் இருக்கிறது என்பது பைதான் கணக்கு. சரிபார்ப்பு 'சரி, உள்ளே போ' என்றது. நான்கு இஃபும் இல்லை என்றன. எல்ஸ் வேலையைக் காட்டியது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. '23' என்று அடித்திருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் 2-உம் 3-உம் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. '13' அடித்தால் தப்பித்திருப்போம். லிஸ்ட்டிலோ டிக்ஷனரியிலோ தேடினால் இந்தத் தொல்லை கிடையாது. அதிலிருந்து நான் எல்ஸை ஒரு வேலைக்கும் கொடுப்பதில்லை. எல்ஸ் என்றால் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல மட்டும்தான்.


இரவல்காரர் எழுதியது:

ட்ரையை எடுத்துவிட்டு 3 அடித்தேன். கீ எரர் (கேட்ட சாவி டிக்ஷனரியில் இல்லை) என்று வந்தது, பக்கத்திலேயே 'கொடுத்ததேதி' என்றும் போட்டிருந்தது. இரவல் கொடுக்கும்போது 'கொடுத்த தேதி' என்று நடுவில் இடம் விட்டு எழுதி வைத்திருக்கிறேன், திரும்பி வரும்போது சேர்த்து எழுதித் தேடுகிறேன். இரண்டு ராத்திரி எண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிக்ஷனரிக்கு மாற்றிவிட்டேன். மெனு ஃபங்ஷன் 9 வரிக்குச் சுருங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பத்து நிமிடம் என்னென்னவோ அடித்தாள், அசையவில்லை. அதன் பிறகு கைப்பேசியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு '௩' என்று தமிழ் எண்ணில் அடித்தாள். பட்டியலில் இல்லை என்று சொன்னது. "தமிழில் மெனு போட்டுவிட்டுத் தமிழ் மூன்று தெரியாதா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. என் பழைய நிரலை அவளே எடுத்து அதில் ௩ அடித்துப் பார்த்தாள், அது வேலை செய்தது! இன்ட் எப்படி இதைப் புரிந்துகொண்டது? அதை விட்டுவிட்டு நான் பின்னால் போய்விட்டேனோ?

இன்னொன்று. இரவலை எத்தனை நாளைக்குக் கொடுக்கிறோம் என்றும் கேட்கிறேன். அதையும் ஸ்ட்ரிங்காகவே வைப்பதா?


ஒருங்குறிக் கிறுக்கு எழுதியது:

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், மகளுக்கு என் வணக்கம்.

ஒருங்குறியில் (யூனிகோட், எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுமுறை) ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகை உண்டு. ௦ முதல் ௯ வரை பத்தும் 'பதின்ம இலக்கம்' என்ற வகை, 0 முதல் 9 வரை எந்த வகையோ அதே வகை. இன்ட் அந்த வகையில் எந்த எழுத்தைக் கண்டாலும் ஏற்றுக்கொள்ளும், அது எந்த மொழியாக இருந்தாலும் சரி. ௧௨ என்று அடித்தால் 12 கிடைக்கும். ஆனால் பழைய முறையில் பத்துக்கு இருக்கும் தனிக் குறி ௰, நூறுக்கான ௱, ஆயிரத்துக்கான ௲ மூன்றும் வேறு வகை. அவற்றுக்கு மதிப்பு உண்டு, இலக்கம் அல்ல. இன்ட்டிடம் ௰ கொடுத்தால் வேல்யூ எரர்தான். நம் பழைய எண்முறையில் பூச்சியத்துக்குக் குறியே கிடையாது என்பதால், ௦ ஒருங்குறிக்குள் பிந்தித்தான் வந்தது, 2005-இல் வெளியான 4.1 பதிப்பில்.

வேகமான விரல் சொன்ன இஸ்டிஜிட்டுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. பைதானில் ஒன்றுபோலத் தெரியும் மூன்று உண்டு: இஸ்டெசிமல், இஸ்டிஜிட், இஸ்நியூமெரிக். மேலே தூக்கி எழுதும் வர்க்கக் குறி '²' இருக்கிறதே, அதைக் காட்டி இஸ்டிஜிட்டா என்று கேட்டால் ஆமாம் என்னும். நம்பி இன்ட்டிடம் கொடுத்தால் வேல்யூ எரர். ௰-ஐ இஸ்நியூமெரிக் மட்டும் ஆமாம் என்னும், மற்ற இரண்டும் இல்லை என்னும். இன்ட் ஏற்பதோடு ஒத்துப்போவது இஸ்டெசிமல்தான், அதுவும் கழித்தல் குறி வந்தால் இல்லை என்றுவிடும். ஆகவே 'மாற்ற முடியுமா' என்று முன்கூட்டி விசாரிப்பதைவிட, மாற்றிப் பார்த்து வேல்யூ எரரைப் பிடிப்பதே நல்லது.

உங்கள் மெனுவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. டிக்ஷனரியில் '3' எதைக் காட்டுகிறதோ அதையே '௩' என்ற இன்னொரு சாவியும் காட்டட்டும். அதே கையோடு 'கொடு', 'பட்டியல்' என்று சொல்லாலும் அடிக்க விடலாம். திரையில் காட்ட ஒரு டிக்ஷனரி, மாற்றுப் பெயர்களுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டால் மெனு ஒரே வேலையை மூன்று முறை காட்டாது.

சொல்லால் அடிக்க விட்டால் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. 'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு எகரக் குறி, அதன் பின் கால். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீளத்தைக் கேட்டால் முதல் 'கொடு' 4 என்னும், இரண்டாவது 5 என்னும். இரண்டும் சமமா என்றால் பைதான் இல்லை என்னும். அடித்தவர் சரியாக அடித்துவிட்டு, 'கொடு' பட்டியலில் இல்லை என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு விழிப்பார். யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது, அதற்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் முறை) என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள், சாவிகளையும் அதே வழியில் அனுப்புங்கள். மாறிகளின் பெயர்களுக்குப் பைதான் தானே இப்படி ஒழுங்குசெய்துகொள்ளும், ஸ்ட்ரிங்குக்குள் இருப்பதைத் தொடாது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கப் போடும் லோயரை நாம் மிச்சம் பிடிக்கலாம்.


பழைய விசைப்பலகை எழுதியது:

கீ எரர்! ஒரு இடைவெளிக்கு இரண்டு ராத்திரி. அந்தச் சாவியை மேலே ஒரு மாறியில் ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு, இரண்டு ஃபங்ஷனிலும் மாறியைப் பயன்படுத்துங்கள். மாறியின் பெயரில் தப்பு செய்தால் நேம் எரர் எந்த வரி என்று காட்டிக் கொடுக்கும்.

கிறுக்கு சொன்ன மாற்றுப் பெயர்கள் அழகுதான். எனக்கென்றால் ஆறு வரி மெனுவுக்கு அவ்வளவு ஜோடனை வேண்டாம் என்று தோன்றும். ஆனால் மகள் கேட்டுவிட்டாள், செய்துதான் ஆக வேண்டும்.

நாள் கணக்கு வேறு சங்கதி. அது உண்மையிலேயே எண். இன்றைய தேதியோடு கூட்டப்போகிறீர்கள், ஆகவே அங்கே இன்ட் வேண்டும், ட்ரையும் வேண்டும். ட்ரைக்குள் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும், அந்த மாற்றும் வரி. எக்செப்டில் வேல்யூ எரர் என்று பெயர் சொல்லிப் பிடித்து, 'எண்ணாக அடிக்கவும்' என்று காட்டி, கன்டினியூ (லூப்பின் தொடக்கத்துக்குப் போ). அதற்குக் கீழே, ட்ரைக்கு வெளியே, வரம்பு. '1-க்கும் 60-க்கும் நடுவில்' என்பதைப் பள்ளிக் கணக்கில் எழுதுவதுபோல் நாளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சிறியது-அல்லது-சமம் குறி போட்டே எழுதலாம், பைதானுக்குப் புரியும். எண் இல்லை என்பது ஒரு தவறு, எண்தான் ஆனால் வரம்புக்கு வெளியே என்பது இன்னொரு தவறு. இரண்டுக்கும் ஒரே செய்தியைக் காட்டினால், 90 அடித்தவர் 'எண்ணாகத்தானே அடித்தேன்' என்று சண்டைக்கு வருவார்.

வரம்பை அந்த ஃபங்ஷனுக்குள் புதைக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள். அப்போது அதே ஃபங்ஷன் நாளுக்கும் உதவும், நாளைக்கு ஆண்டைக் கேட்டால் அதற்கும் உதவும்.

கண்ட்ரோல்-சி இப்போது நிரலை நிறுத்தும், ஆனால் அசிங்கமான பிழைச் செய்தியோடு. மெனுவைக் கூப்பிடும் இடத்தில், எல்லாவற்றுக்கும் வெளியே, ஒரே ஒரு ட்ரை போட்டு கீபோர்டு இன்டரப்ட், ஈஓஎஃப் எரர் இரண்டையும் பெயர் சொல்லிப் பிடித்து ஒரு வணக்கம் சொல்லி முடித்துவிடுங்கள். ஈஓஎஃப் எரர் என்பது இனி அடிக்க ஆளே இல்லை என்று இன்புட் சொல்வது. இதை லூப்புக்கு உள்ளே பிடித்து மறுபடி கேட்கப் போனால், ஆளில்லாத அறையில் 'தவறான எண், தவறான எண்' என்று திரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த 6-க்கு வருவோம். ஒரே ஒரு விசையில் எல்லாம் அழியும்படி எதையும் வைக்கக் கூடாது. 'நிச்சயமா, ஆம் அல்லது இல்லை' என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, கை தானாக ஆம் அடித்துவிடும். எத்தனை பதிவு அழியப்போகிறது என்று காட்டி, அந்த எண்ணைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். 41 என்று அடித்தால்தான் அழியட்டும். கண்ணால் பார்க்காமல் அதை அடிக்க முடியாது. அழிப்பதற்கு முன் கோப்பை வேறொரு பெயரில் நகலெடுத்து வைக்கவும் செய்யுங்கள், ஷட்டில் மாட்யூலில் காப்பி என்று ஒரே வரி.


வேகமான விரல் எழுதியது:

இஸ்டிஜிட் விஷயத்தில் தோற்றேன். '²' அடித்துப் பார்த்தேன், என் அலுவலக நிரலும் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை.


இரவல்காரர் எழுதியது:

நாள் கணக்குக்கு நீங்கள் சொன்னபடியே ட்ரைக்குள் ஒரு வரி, வெளியே வரம்பு. மகள் 'முப்பது', கழித்தல் 5, 90 மூன்றையும் அடித்தாள், மூன்றுக்கும் அதற்குரிய செய்தி வந்தது. ௩௦ அடித்தாள், முப்பது நாள் என்று எடுத்துக்கொண்டது. அதற்கு மட்டும் சிரித்தாள்.

'கொடு' என்று அடித்தால் இப்போது வேலை செய்கிறது. நார்மலைஸ் இல்லாமல் முதலில் சோதித்தேன், என் விசைப்பலகையில் பிரச்சினையே வரவில்லை. வேறொரு செயலியில் எழுதியதை வெட்டி ஒட்டினால் மட்டும் வந்தது. கிறுக்கு சொல்லியிருக்காவிட்டால் இதை ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

6-ஐ மெனுவிலிருந்தே எடுத்துவிட்டேன். சோதனைக்கு வேண்டுமென்றால் தனிக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்கிறேன்.

41-இல் 37-ஐ நினைவிலிருந்து மறுபடி ஏற்றியாகிவிட்டது. மீதி நான்கு புத்தகங்களின் பெயர் ஞாபகம் இருக்கிறது, யாரிடம் கொடுத்தேன் என்பதுதான் இல்லை.